கயிறு ஏறும் பயிற்சி

1896ஆம் ஆண்டு சித்திரை மாதம் ஏதென்ஸ் நகரில் முதலாவது நவீன ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. அவ்விழாவின் போட்டிகளுள் ஒன்று, தொங்கவிடப்பட்ட கயிற்றில் ஏறுதல். கயிற்றின் உயரம் 14 மீற்றர். அதாவது ஏறத்தாழ 46 அடி. நன்கு வளர்ந்த தென்னையொன்றின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். போட்டியிட முன்வந்தோர் ஐவர் மாத்திரமே.

அந்த ஐவருள் இருவர் அப்பொழுது அரங்கில் இருந்தோர் அனைவரும் அறிந்த பலசாலிகள். ஒருவர் டென்மார்க் தேசத்து விகோ ஜென்சன். மற்றவர் பிரித்தானியரான லோன்ஸ்டன் எலியட். மூன்று தினங்களுக்கு முன்னர்தான் ஜென்சன் இரு கைகளாலும் பாரந்தூக்கும் போட்டியிலும், எலியட் ஒற்றைக் கையாற் பாரந்தூக்கும் போட்டியிலும் முதலிடம் பெற்றிருந்தனர். எலியட் ஒற்றைக் கையால் உயர்த்திய பாரம் 71 கிலோகிராம். நம்மிற் பலருடைய முழுத் தேகத்தின் நிறையே அவ்வளவு இராது! இத்தகைய வீரர்களுக்கு ஒரு கயிறு எம்மாத்திரம் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

முடிவு யாது? கிரேக்கரான நிக்கொலாவோஸ் அந்திரியாக்கோபூலோஸ் 23.4 செக்கனில் உச்சியைத் தொட்டு முதலிடம் பெற்றார். அவருடைய நாட்டினரான செனாக்கிஸ் என்பவரும் உச்சியை அடைந்தார். ஜேர்மனியரான ஹொஃப்மன் 12.5 மீற்றர் வரை ஏறி மூன்றாமவரானார். ஜென்சனுக்கு நான்காமிடம். எலியட்டுக்கு ஐந்தாமிடம், அதாவது, கடைசி இடம். பாரந்தூக்கிய இரு வீரர்களும் உச்சியைக் காணாமலே இறங்கினர்.

கயிறேற்றம் எத்தகைய பயிற்சி என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு நிகழ்ச்சியே போதும். பாரந்தூக்குபவன் தன்னைத் தாங்கப் பூமியை நம்புகிறான். தூக்க வேண்டிய பொருள் அவனுக்குப் புறம்பாக இருக்கிறது. கயிறு ஏறுபவனுக்கோ அவனுடைய தேகமே பாரம். எவ்வளவு தசை திரண்டிருக்கிறதோ அவ்வளவு நிறையையும் அவன் மேலே கொண்டுசெல்லல் வேண்டும். தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. தேகத்தின் நிறையோ அதன் கன அளவைப் பொறுத்தது. ஒருவனுடைய உருவம் நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றிலும் இருமடங்காகப் பெருத்தால், அவனுடைய வலிமை நான்கு மடங்காகும். நிறையோ எட்டு மடங்காகிவிடும். எட்டு வயதுச் சிறுவன் குரங்குபோற் கிளையிற் தொங்க, பருத்த தேகமுடைய தந்தையார் அதே கிளையைப் பிடித்து அரை நிமிடம் நிற்க மாட்டாமல் மூச்சு வாங்குவதன் இரகசியம் இதுவே. தந்தையார் வெட்கப்பட வேண்டியதில்லை. கணிதம் அவருக்கு எதிராக நிற்கிறது.

கயிறு ஏறுவதில் கால்களுக்குரிய பங்கு என்ன என்ற கேள்வி அடுத்து எழும். இதற்கு விடையளித்தவர் ஜோர்ஜ் ஐசர் என்னும் அமெரிக்கர். ஜேர்மனியிற் பிறந்து, இளவயதிலே அமெரிக்காவிற் குடியேறிய இவர், சென்ற் லூயிஸ் நகரில் கணக்கெழுதும் தொழில் பார்த்தவர். புகையிரத விபத்தொன்றில் இடது காலை இழந்து மரக்காலுடன் நடமாடியவர். இந்த நிலையில் அவர் தேகாப்பியாசச் சங்கமொன்றிற் சேர்ந்து பயிற்சி பெற்றார். 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா அதே நகரில் நடைபெற்றபொழுது, ஒரே நாளில் ஆறு பதக்கங்களைப் பெற்றார். அவற்றுள் மூன்று முதலிடத்துக்குரியவை. கயிறேற்றம் அம்மூன்றில் ஒன்று. 25 அடி உயரத்தை 7 செக்கனில் ஏறி முடித்தார் என்பது பதிவாகியுள்ள கணக்கு. இரண்டாமவர் அவரினும் ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கே பிந்தினார்.

ஐசரின் வெற்றியை வெறும் மனவுறுதியின் கதையாகச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். மனவுறுதி இருந்தது உண்மை. ஆயினும் அதற்கப்பால் ஒரு காரணமும் உண்டு. போட்டியிற் கயிறு ஏறுவோர் கால்களைக் கயிற்றிற் பின்னுவதில்லை. கைகளை மாறிமாறி மேலே கொண்டுசென்று தேகத்தை இழுத்தே ஏறுவர். முழங்கையை மடக்கும் புயத்தசைகளும், அக்குளிலிருந்து இடுப்பு வரை விரிந்து கிடக்கும் முதுகுத்தசைகளும், வயிற்றுத்தசைகளுமே அங்கு வேலை செய்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, விரல்கள். கைப்பிடி தளர்ந்தால் முதுகு எவ்வளவு வலிமையுடையதாயினும் பயனில்லை.

இந்தக் கைப்பிடி எங்கிருந்து பிறக்கிறது? வாசகர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இடக்கையால் வல முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி விரிக்குக. தோலின் கீழே தசைகள் புரள்வதை உணரலாம். விரல்களை வலிமையுடன் மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் உள்ளன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டினூடாக ஒரு குறுகிய வழியாற் சென்று விரலென்புகளைப் பற்றியிருக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னே நின்று நூலை இழுப்பதைப் போன்ற ஏற்பாடு.

இன்னொரு சோதனை. மணிக்கட்டை உட்புறமாக முற்றாக மடித்துக்கொண்டு கையைப் பொத்திப் பாருங்கள். பிடி இறுகாது. மணிக்கட்டைச் சற்றுப் பின்புறமாக நிமிர்த்திக்கொண்டு பொத்தினால் இறுகும். புதிதாகக் கயிறு ஏறும் மாணவன் களைத்தவுடன் மணிக்கட்டை உள்ளே மடிக்கத் தொடங்குகிறான். அப்பொழுதே கயிறு கைவிடத் தொடங்குகிறது. பயிற்றுபவர் மாணவனின் முகத்தைப் பாராது மணிக்கட்டைப் பார்த்திருந்தால், விழுவதற்கு முன்னரே இறங்கச் சொல்லிவிடலாம்.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நமது விரலை வைத்தால், அது இறுகப் பற்றிக்கொள்வதைத் தாய்மார் அறிவர். அது குழந்தையின் விருப்பத்தால் நிகழ்வதன்று. பிறவியோடு வரும் செயல். சில மாதங்களில் அது மறைந்துவிடுகிறது. அதன் பின்னர் உள்ள கைப்பிடியெல்லாம் நாம் தேடிக்கொள்வதே.

கயிற்றைப் பற்றியவாறு தொங்கும்பொழுது முன்கை ஏன் இவ்வளவு விரைவிற் களைக்கிறது? நடக்கும்போது காற்றசைகள் சுருங்கி விரிகின்றன. ஒவ்வொரு விரிவிலும் புதிய இரத்தம் பாய்கிறது. இறுகப் பற்றிய கையிலோ தசை சுருங்கியே நிற்கின்றது. சுருங்கிய தசை தன்னுள்ளே ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ஆதலின் முன்கை கல்லுப்போல் விறைத்து, விரல்கள் சொற்கேளாமற் போகின்றன. ஒரு கை பற்றியிருக்கும்போது மறு கை மேலே செல்லும் அந்தக் கணப்பொழுதுதான் ஓய்வு. தேர்ந்தவன் அந்தக் கணத்தில் விரல்களை முற்றாகத் தளர்த்திவிடுகிறான். தேறாதவன் அச்சத்தினால் இரு கைகளையும் எந்நேரமும் இறுக்குகிறான். களைப்பிற் பெரும் பங்கு அச்சத்தினால் வருவதே.

இப்பயிற்சியைத் தொடங்கும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய முக்கிய செய்தி ஒன்றுண்டு. தசை சில வாரங்களில் வலிமை பெறும், தசைநாண் அவ்வாறன்று. அதற்குக் கிடைக்கும் இரத்தவோட்டம் குறைவு. அது மெல்ல மெல்லவே உரம் பெறும். ஆகவே, ஒரு மாதத்தில் ‘இனி என்னால் முடியும்’ என்ற துணிவு பிறக்கும் காலமே முழங்கையின் உட்புறத்திலும் விரல்களின் அடியிலும் நோவு பிறக்கும் காலமாகவும் அமைகின்றது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், நடுவே ஒரு நாளாவது ஓய்வு என்பது சோம்பேறிகளுக்காகச் சொன்ன விதியன்று.

தொடங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலிற் கயிறே வேண்டாம். உறுதியான கிளையோ சட்டமோ போதும். அதிற் கைகளாற் தொங்கி, இருபது எண்ணும் வரை நிற்கப் பழக வேண்டும். அடுத்து, தொங்கும் கயிற்றின் கீழ் மல்லாந்து படுத்து, குதிகால் நிலத்திலிருக்க, தேகத்தைப் பலகைபோல் நிமிர்த்திக்கொண்டு, கைமேற் கை வைத்து எழுந்து நின்று, அவ்வாறே இறங்கிப் படுக்க வேண்டும். இது எளிதாகத் தோன்றும். பத்து முறை செய்தவன் எளிதென்று சொல்ல மாட்டான். விழுந்தாலும் இரண்டடி உயரந்தான் என்பதால் வீட்டாருக்கும் கவலையில்லை.

மூன்றாவது படியிலேதான் கால்கள் வருகின்றன. போட்டியாளருக்குக் கால்கள் வேண்டாமாயினும், ஏனையோருக்கு அவையே காவல். கயிற்றை வலக்காலின் புறப்பக்கமாகத் தொங்கவிட்டு, இடப் பாதத்தால் அதனை வளைத்தெடுத்து, வல உள்ளங்காலின் கீழாக வரச் செய்து, இடப் பாதத்தின் மேற்புறத்தில் இட்டு, வலப் பாதத்தால் மிதித்து அழுத்த வேண்டும். கயிறு இரு பாதங்களுக்கும் இடையே நெரிபட்டு அசையாது நிற்கும். இப்பொழுது அந்தப் பூட்டின்மேல் எழுந்து நிற்கலாம். கைகளை மேலே மாற்றலாம். முழங்கால்களை மடக்கி மீண்டும் பூட்டலாம். தேகத்தைத் தூக்குவது தொடைகள். கைகள் சாயாமற் பிடித்திருக்கின்றன. இந்தப் பூட்டை நிலத்தில் நாற்காலியில் அமர்ந்தவாறே நூறு தடவை போட்டுப் பழகியபின் உயரத்தில் முயல்வதே நன்று.

இது நமக்குப் புதிய தத்துவமன்று. யாழ்ப்பாணத்துப் பனையேறும் தொழிலாளர் இரு பாதங்களையும் தளைநாரினாற் பிணைத்து, உள்ளங்கால்களால் மரத்தை நெரித்துக்கொண்டு, ஒரு நாளிற் பல பனைகளை ஏறி இறங்கியது இதே தத்துவத்தின்படியாகும். நிறையைக் காலில் நிறுத்தி, கைக்கு ஓய்வு கொடுத்தல் என்ற இவ்வறிவை எந்தத் தேகாப்பியாசப் புத்தகமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவர்களின் தொழிலை இழிவாக மதித்த நமது சமுதாயம் அவர்களின் வித்தையை ஒருபோதும் வித்தையென்று மதிக்கவில்லை என்பது வேறு விடயம். அல்லது வேறு விடயம் அன்று.

ஏறுவதைப் பற்றி எழுதுவோர் இறங்குவதைப் பற்றி எழுத மறந்துவிடுகின்றனர். விபத்து நேர்வது பெரும்பாலும் இறங்கும்போதே. உச்சியைத் தொட்ட மகிழ்ச்சியில், களைத்த கைகளுடன், கயிற்றை உள்ளங்கையினூடே வழுக்கவிட்டுச் சறுக்கி வருபவனின் கைத்தோல் உரிந்து எரிந்து போகும். நோவு தாங்காமற் கையை விடுகிறான். மீதி உயரம் வீழ்ச்சி. ஏறியதைப் போலவே, கைக்குக் கீழே கை வைத்து, காற்பூட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி இறங்குதல் வேண்டும். கயிற்றின் அரைவாசி உயரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, முதல் இரண்டு மாதங்கள் அதற்குமேற் செல்லக்கூடாதென்று விதித்துவிட்டால், பையன்களிடையே போட்டி மூள்வதும் குறையும். உச்சிக்குப் போவதற்கு எவ்வளவு வலிமை வேண்டுமோ, அதில் ஒரு பங்கு இறங்குவதற்கும் கையிருப்பாக இருக்க வேண்டும்.

இனிக் கயிறு. பொதுவாக ஒன்றரை அங்குல விட்டமுள்ள கயிறே ஏறுவதற்கு ஏற்றது. மெல்லிய கயிறு கையை வெட்டும். மிகத் தடித்த கயிற்றைச் சிறு கை வளைத்துப் பிடியாது. நமது தும்புக் கயிறு கடலில் தோணி கட்டவும் கிணற்றடியிலும் சிறந்தது; ஆயினும் அதன் சொரசொரப்பு உள்ளங்கையைப் பதம்பார்த்துவிடும், பாரத்தில் இழுபட்டு நீளவும் செய்யும். உலகின் தேகாப்பியாசசாலைகளில் நெடுங்காலம் தொங்கியது மணிலாக் கயிறு. பெயரைக் கொண்டு அதனைச் சணல் என்று எண்ணுவோர் பலர். அது பிலிப்பைன்ஸ் தீவுகளில் வளரும் ஒருவகை வாழையின் மடல்நாரினால் ஆனது.

இயற்கை நாராலான கயிற்றை மழையில் விட்டால் அது புறத்தே நன்றாயிருப்பதுபோற் காட்டி உள்ளே உக்கிப்போகும். மாதமொருமுறை புரியை முறுக்கவிழ்த்து உள்ளே பார்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தாலோ தூள் உதிர்ந்தாலோ அக்கயிற்றிற்கு இனி ஆளைத் தாங்கும் உரிமை இல்லை. மாடு கட்ட உதவட்டும். கட்டும் இடமும் அவ்வாறே. முருங்கைக் கிளையில் எவரும் கட்டமாட்டார்கள் என்று நம்புகிறோம். மாமரமாயினும், கட்டும் கிளை பச்சையாகவும் அடிமரத்துக்கு அண்மையதாகவும் இருத்தல் வேண்டும். முதலில் வளர்ந்தோர் இருவர் ஒருமிக்கத் தொங்கிப் பார்க்க வேண்டும். கயிற்றின் கீழே தடித்த மெத்தையோ, ஆழமாகக் கொத்திவிட்ட மணலோ இருக்க வேண்டும். பையன் தனியே ஏறலாகாது. வியர்க்கும் கைகளுக்குத் தேகாப்பியாச வீரர் மகனீசியம் காபனேற்றுத் தூளைப் பூசுவர். அது கிடையாவிடின், உலர்ந்த துணியால் அடிக்கடி துடைத்துக்கொள்வது போதும்.

இவ்வளவு பயன் தரும் பயிற்சி ஒலிம்பிக் விழாவிலிருந்து ஏன் மறைந்தது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியிற் கூட்ஸ்மூத்ஸ் என்னும் ஆசிரியர் பாடசாலைத் தேகாப்பியாசத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியபொழுதே கயிறேற்றம் அதிற் சேர்ந்துவிட்டது. ஐரோப்பாவின் பாடசாலை மண்டபங்களிற் கயிறு தொங்குவது வழக்கமாயிற்று. 1924இற் பாரிசிலும், 1932இல் லொஸ் ஏஞ்சலிசிலும் ஒலிம்பிக் போட்டிகளில் அது இடம்பெற்றது. லொஸ் ஏஞ்சலிசில் வென்ற அமெரிக்கரான றேமன்ட் பாஸ் 8 மீற்றர் உயரத்தை 6.7 செக்கனில் ஏறினார். அதுவே கடைசி. தேகாப்பியாசப் போட்டிகள் நாளடைவில் அசைவின் அழகுக்குப் புள்ளியிடும் கலையாக வளர்ந்தன. கடிகாரத்தை மாத்திரம் நம்பும் கயிறேற்றம் அக்கூட்டத்தில் ஒட்டவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது மேலும் முப்பது ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. அங்கே போட்டியாளர் கால்களை நீட்டி நிலத்தில் உட்கார்ந்திருந்து, அந்த நிலையிலிருந்தே கைகளால் ஏறி, 20 அடி உயரத்திலுள்ள தட்டைத் தொட வேண்டும். 1954ஆம் ஆண்டு டொன் பெரி என்பவர் அதனை 2.8 செக்கனில் முடித்தார். 2.8 செக்கன்! இந்த வரியை வாசிக்க எடுக்கும் நேரத்தில் அவர் ஏறி முடித்திருப்பார். 1962உடன் பல்கலைக்கழகப் போட்டிகளிலிருந்தும் அது நீக்கப்பட்டது. செக் நாட்டில் மாத்திரம் ஆர்வலர்கள் அதனை மீண்டும் உயிர்ப்பித்துப் போட்டிகள் நடத்தி வருகின்றனர்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்றதா என்று கேட்பவர்கள் இந்தியாவின் மகாராட்டிரத்தைப் பார்க்கட்டும். அங்கு வழங்கும் மல்லகம்பம் என்ற வித்தையில், நிலத்தில் நட்ட கம்பத்தில் ஆடவர் பயில, தொங்கும் பருத்திக் கயிற்றிற் பயில்வோர் பெரும்பாலும் பெண்களே. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றைப் பற்றிக்கொண்டு, முடிச்சு எதுவும் போடாமல், அந்தரத்திலே ஆசனங்களைச் செய்து காட்டுகின்றனர். கைப்பிடி மாத்திரமன்றிக் கால்விரற் பிடியும் பயிற்சியால் வருமென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கயிற்றைக் கட்ட மரமும் இல்லை, ஏற வயதும் இல்லை என்று ஒதுங்கும் பெரியோருக்கும் கைப்பிடியோடு சம்பந்தமுண்டு. 2015ஆம் ஆண்டு ‘லான்செற்’ வைத்திய சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேருடைய கைப்பிடி வலிமையை அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தது. கைப்பிடி 5 கிலோகிராம் குறையுந்தோறும் மரணம் நேரும் அபாயம் 16 வீதம் கூடியிருப்பதாக அதிற் கண்டனர். இதனால் கைப்பிடியை வளர்த்தால் ஆயுள் நீளும் என்று பொருளாகாது. தேகம் முழுவதும் தளர்ந்துவருவதைக் கை முன்னதாகக் காட்டிக்கொடுக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். ஆயினும் போத்தல் மூடியைத் திறக்க மகனை அழைப்பதும், படியேறும்போது கைப்பிடிச் சட்டத்தை நம்ப முடியாதிருப்பதும் முதுமையின் சிறு தொல்லைகள் அல்ல. வழுக்கும் குளியலறையில் எட்டிப் பிடித்த கை நழுவினால், இடுப்பென்பு முறிகிறது.

துலாக் கயிற்றில் தண்ணீர் இழுத்தும், அம்மியில் அரைத்தும், ஈரப் புடவையை முறுக்கிப் பிழிந்தும் வாழ்ந்த நமது பாட்டிமாருக்கு இதைத் தனியே பழக வேண்டியிருக்கவில்லை. நீரிறைக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமும் வந்து வேலையைக் குறைத்தன. குறைந்தது நல்லதே, அந்த நாட்களை எவரும் திரும்பக் கேட்கவில்லை. அதற்கு ஈடாக ஒரு தடித்த துவாயை உறுதியான சட்டமொன்றின்மேற் போட்டு, அதன் இரு தலைப்புகளையும் பற்றிக்கொண்டு, பாதங்கள் நிலத்திலிருந்து எடுபடாமல் முழங்கால்களைச் சற்று மடக்கி, நிறையிற் சிறு பங்கை மாத்திரம் கைகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். முதல் நாள் பத்து எண்ணுவது போதும். தோள்மூட்டு நோவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். பிடித்திருக்கும்போது மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணுவது எல்லோருக்கும் நல்லது. பத்து எண்ணியபின் சற்று இளைப்பாறி, மூன்று தடவை; மறுநாள் ஓய்வு.